புதுப்பேட்டையில் ஒரு ரோஸ் மில்க் பியட்

எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் நின்று, "புதுப்பேட்டைக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். வழி சொல்வதற்கு முன்னால், "ஏன் ஸார், வண்டியில ஏதாவது காணாமப் போச்சா?" என்று அனுதாபத்தோடு விசாரிப்பார்கள். சென்னையின் மிகப் பழைய ஜோக்குகளில் ஒன்று. காலையில் காணாமல் போன வீல் கப் சாயங்காலம் புதுப்பேட்டையில் கிடைக்கும், அதுவும் நாம் வைத்திருந்ததைவிட நல்ல கண்டிஷனில் என்பார்கள். புதுப்பேட்டைக்காரர்கள் இதற்குச் சிரிப்பதில்லை. முப்பது வருஷமாகக் கேட்கிறார்கள், பாவம்.

நான் போனது எதையும் தேடி அல்ல. காருக்குப் பாலிஷ் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஏ.ஸி. போட்ட பெரிய கடைகளில் 'டீடெய்லிங்' என்றும் 'செராமிக் கோட்டிங்' என்றும் செய்கிறார்கள். அங்கே காரைக் கொடுக்கலாம், கற்றுக்கொள்ள முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்கார்ந்து காபி குடித்தபடி பில்லுக்காகக் காத்திருக்கலாம், அவ்வளவுதான். புதுப்பேட்டையில் கண்ணாடியும் இல்லை, சோபாவும் இல்லை. பக்கத்தில் நின்று பார்க்கலாம். கொஞ்ச நேரம் சும்மா நின்றால், "இந்தத் துணியைப் புடி ஸார்" என்று வேலையும் கொடுத்துவிடுவார்கள்.

ராஜரத்தினம் ஸ்டேடியத்தைத் தாண்டி, ஆதித்தனார் சாலையில் (பெரியவர்களுக்கு அது இன்னும் ஹாரிஸ் ரோடுதான்) நடந்து சந்துக்குள் திரும்பினால் வேறு உலகம். ஒரு கடையில் கதவுகள் மட்டும். லைப்ரரியில் புத்தகம் அடுக்கின மாதிரி நிற்க வைத்திருக்கிறார்கள். எதிர்க்கடையில் ஹெட்லைட் மட்டும். நூறு கண்கள் நம்மையே பார்க்கின்றன. அடுத்ததில் ஸ்டீயரிங், அதற்கடுத்ததில் சீட். பொறுமையும் காசும் இருந்தால் தெருவின் இந்தக் கோடியில் நுழைந்து அந்தக் கோடிக்குள் ஒரு முழுக் காரைச் சேர்த்துவிடலாம். ஆர்.சி. புக் மட்டும் கிடைக்காது. காற்றில் கிரீஸ், தின்னர், பிரியாணி, கூவம் நாலும் கலந்த ஒரு வாசனை. முதல் நாள் தலை வலிக்கிறது. மூன்றாவது நாள் பிரியாணி மட்டும்தான் தெரிகிறது.

என் வாத்தியாரின் பட்டறை இந்தச் சந்துகளில் ஒன்றின் கடைசியில். தகரக் கூரை, இரண்டு கார் நிற்கிற இடம், ஒரு டியூப்லைட். அறுபதைத் தாண்டியவர். ஊரே 'பாய்' என்று கூப்பிடுகிறது, நானும். டிங்கரிங் பார்க்கிறவர்கள், பட்டி வைக்கிறவர்கள், ஸ்பிரே அடிக்கிறவர்கள் என்று அந்தத் தெருவில் நிறையப் பேர் உண்டு. ஆனால் பழைய பெயின்ட்டைத் தேய்த்து உயிர் கொடுக்க வேண்டுமென்றால் பாயிடம்தான் அனுப்புகிறார்கள். நாலு சனிக்கிழமை வர அனுமதி கேட்டேன்.

"கத்துக்கினு இன்னா பண்ணப் போற?"

"எழுதப் போறேன் பாய்."

"எழுது. ஆனா கையில மோதிரம், வாட்ச், பெல்ட்டு பக்கிள் எல்லாம் கழட்டிட்டு எழுது. பெயின்ட்டுல கோடு வுழும்."

இதுதான் முதல் பாடம்.

முதல் சனிக்கிழமையே ஒரு கார் வந்தது. 1984-ம் வருஷத்து பிரீமியர் பத்மினி. 'பியட்' என்றால்தான் நமக்குப் புரியும். பம்பாய் குர்லாவில் தயாராகி, அம்பாஸடருக்குப் போட்டியாக இந்தியா முழுக்க ஓடி, 2000-ம் ஆண்டு வாக்கில் நின்றுபோன அதே கார். சிவப்பு என்று ஆர்.சி. புக் சொன்னது. நேரில் பார்த்தால் ரோஸ் மில்க் கலர். பானெட்டில் விரலை வைத்து இழுத்தால் சாக்பீஸ் மாதிரி பொடி ஒட்டியது.

ஓட்டி வந்தவர் ஒரு ரிடையர்டு ஹெட்மாஸ்டர். கூடவே மகள். மகள் ரொம்பத் தெளிவு. "எல்லாத்தையும் சுரண்டிட்டு புதுசா அடிச்சிடுங்க. இல்லேன்னா வித்துடலாம்னு நான் சொல்றேன். அப்பா ரெண்டுக்கும் ஒத்துக்க மாட்டேங்கிறார்." ஹெட்மாஸ்டர் ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "இது கம்பெனி பெயின்ட்."

கார் வைத்திருக்கிறவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். தொழிற்சாலையில் அடித்து, அடுப்பில் வைத்துச் சுட்டெடுத்த பெயின்ட். எவ்வளவு நல்ல பட்டறையிலும் அதை அப்படியே திரும்ப வைக்க முடியாது. சுரண்டிவிட்டால் போனது போனதுதான்.

பாய் பதில் சொல்லவில்லை. பாக்கெட்டிலிருந்து ஒரு பழைய கார் ஸ்பீக்கரின் காந்தத்தை எடுத்தார். பனியன் துணியில் சுற்றி காரின் உடம்பெல்லாம் வைத்து வைத்து எடுத்தார். தகரத்தின் மேல் பெயின்ட் மட்டும் இருந்தால் காந்தம் 'டப்' என்று ஒட்டும். நடுவில் பட்டி இருந்தால் இழுவை குறையும்; கனமாக இருந்தால் வழுக்கி விழும். அப்புறம் விரல் முட்டியால் தட்டினார். தகரம் 'டிங்' என்கிறது, பட்டி 'தொப்' என்கிறது. கடைசியாகக் கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கைத் தூக்கிப் பார்த்தார். மறுபடி ஸ்பிரே அடித்த கார் என்றால் ரப்பரில் கொஞ்சமாவது தூவியிருக்கும்.

"அய்யா சொல்றது நெசம். கம்பெனி பெயின்ட்டுதான்."

ஹெட்மாஸ்டர் மகளைப் பார்த்த பார்வை, ஸ்கூலில் எத்தனையோ பையன்கள் பார்த்திருக்கக்கூடியது.

அடுத்து ஒரு சொம்புத் தண்ணீரை பானெட்டில் ஊற்றினார் பாய். தண்ணீர் போன இடமெல்லாம் ரோஸ் மில்க் மறைந்து நல்ல ரத்தச் சிவப்பு! காய்ந்ததும் மறுபடி ரோஸ் மில்க். எனக்கு இது மாயாஜாலமாக இருந்தது. உண்மையில் நம் வீட்டு ரெட் ஆக்ஸைடு தரையிலும், அம்மிக் கல்லிலும் தினமும் நடக்கிற விஷயம்தான். வெயில் பட்டுப் பட்டு மேல் தோல் செத்துப்போய் சொரசொரப்பாகிறது. சொரசொரப்பான பரப்பில் விழுகிற வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுகிறது, அதனால் வெளுப்பு. தண்ணீர் அந்தக் குழிகளை நிரப்பிச் சமமாக்கினால் கலர் தெரிகிறது. பளபளப்பு என்பது பூசுகிற வஸ்து அல்ல. சமமாக இருப்பதுதான் பளபளப்பு.

தண்ணீர் தற்காலிகமாகச் செய்வதை நிரந்தரமாகச் செய்வதுதான் பாலிஷ். எப்படி? குழியை நிரப்பி அல்ல, மேட்டைத் தேய்த்து! அதாவது பாலிஷ் போடும்போது காருக்கு எதையும் கொடுப்பதில்லை. எடுக்கிறோம்.

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. நாம் எல்லோரும் பாலிஷை வருமானம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது மூலதனத்திலிருந்து எடுக்கிற செலவு. இன்றைய கார்களில் தகரத்தின் மேல் இருக்கிற மொத்த பெயின்ட்டும் சுமார் 100 முதல் 130 மைக்ரான். ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம், அல்லது இன்னும் கொஞ்சம். அதில் மேலே உள்ள நிறமில்லாத 'கிளியர் கோட்' சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியைவிட மெல்லிசு. ஒரு தடவை காம்பவுண்ட் போட்டு நன்றாகத் தேய்த்தால் சில மைக்ரான் காலி. அந்த கிளியர் கோட்தான் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கிற குடை. முழுசாகத் தேய்க்கவும் முடியாது. மாசா மாசம் சர்வீஸில், "பாலிஷ் போட்டுரலாமா ஸார்?" என்று கேட்கும்போது தலையாட்டுகிறவர்கள் ஃபிக்ஸட் டெபாஸிட்டை உடைத்து டிபன் சாப்பிடுகிறார்கள்.

ஹெட்மாஸ்டரின் பியட்டுக்கு கிளியர் கோட்டே கிடையாது. அந்தக் காலத்துப் பெயின்ட்டில் கலரும் பளபளப்பும் ஒரே பூச்சு. பாய் ஒரு மூலையில் கொஞ்சம் பாலிஷைத் தேய்த்துத் துணியைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு! "ஐயையோ" என்றார் ஹெட்மாஸ்டர், சொந்த ரத்தத்தைப் பார்த்த மாதிரி. "பயப்படாத அய்யா. செத்த தோலு வருது. புது காருன்னா துணியில கலர் வரக் கூடாது. வந்தா சங்கு" என்றார் பாய். உங்கள் காரிலும் செய்து பார்க்கலாம். துணியில் கலர் வந்தால் ஒன்று கார் பழசு, அல்லது கிளியர் கோட் போய்ச் சேர்ந்துவிட்டது.

பட்டறையின் பேச்சில் சரித்திரமும் ஒளிந்திருக்கிறது. பாய் எந்தப் பளபள பெயின்ட்டையும் 'டூக்கோ' என்பார். நம்மூர் தச்சர்கள்கூட பீரோவுக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். அது அமெரிக்க டூபாண்ட் கம்பெனி 1923-ல் கொண்டுவந்த லாக்கரின் பெயர். அதற்கு முன் காருக்கும் குதிரை வண்டிக்கு மாதிரியே வார்னிஷைப் பிரஷ்ஷால் அடித்து, காயவைத்து, தேய்த்து, மறுபடி அடிப்பார்கள். வாரக் கணக்கில் ஆகும். டூக்கோ மணிக் கணக்கில் காய்ந்தது. அதனால்தான் கலர் கலராகக் கார்கள் வந்தன. நம் மவுன்ட் ரோடு சிம்சன் கம்பெனியும் 1840-ல் ஆரம்பித்து குதிரை வண்டிகளுக்கு பாடி கட்டினவர்கள்தான். 1903-ல் அங்கே நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து ஓட்டியும் காட்டினார்கள். பாயிடம் இதைச் சொன்னேன். "அப்பவும் எவனோ ஒருத்தன் துணி வெச்சுத் தேச்சிருப்பான். அவன் பேரு இருக்காதே?" என்றார். இல்லைதான்.

இனி வேலை. முதல் நாள் முழுக்கக் கழுவல் மட்டுமே. பிறகு விரல்களைப் பிளாஸ்டிக் கவருக்குள் விட்டு பெயின்ட்டின் மேல் தடவச் சொன்னார். வெறும் கைக்கு வழவழவென்று இருந்த இடம் கவர் வழியாக ரவை தூவின மாதிரி நறநறத்தது. பிரேக் தூசி, தார்த் துளி, மரத்துப் பிசின் எல்லாம் ஒட்டிப் பதிந்திருக்கிறது. அதை 'கிளே' எனும் களிமண் மாதிரி ஒன்றால், சோப்புத் தண்ணீர் விட்டுக்கொண்டே எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் பாலிஷ் போட்டால் அந்த ரவையே உப்புத்தாளாக மாறிக் காரைக் கீறும்.

அன்று சாயங்காலம் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு பாலிஷைக் கார் முழுக்கத் தடவி ராத்திரி ஊறவிட்டார். காய்ந்துபோன பழைய பெயின்ட் அதைக் குடித்துக் கொஞ்சம் மிருதுவாகுமாம். "சனிக்கிழமை எண்ணெய்க் குளியலா பாய்?" என்றேன். "பேரு பத்மினி. பொம்பளைக்கு வெள்ளிக்கிழமைதானே?" என்றார்.

இரண்டாவது சனிக்கிழமை தேய்ப்பு. திருப்பூரிலிருந்து வருகிற பனியன் வேஸ்ட்டில் நல்ல மிருதுவான துண்டாகப் பொறுக்கி, தையலைக் கத்தரித்துவிட வேண்டும். தையல் நூலும் கோடு போடும். துணி கீழே விழுந்தால் அதோடு அதன் ஆயுள் முடிந்தது. உதறி எடுக்கிற பேச்சே இல்லை. நிழலில்தான் வேலை, வெயிலில் சூடான தகரத்தில் மருந்து காய்ந்து பிடித்துக்கொள்ளும். தேய்ப்பது வட்டமாக அல்ல, நேராக, காற்று போகிற திசையில். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் நுண்ணிய கீறல்கள் விழுந்து, ராத்திரி தெருவிளக்கின் கீழ் சிலந்தி வலை மாதிரி தெரியும். காரின் ஓரங்களிலும் மடிப்புகளிலும் ஒட்டுக் காகிதம் ஒட்டிவிட வேண்டும். பெயின்ட் ஈரமாக இருக்கும்போதே ஓரத்திலிருந்து வழிந்து உள்ளே இறங்குவதால், ஓரம்தான் எப்போதும் மெல்லிசு. மெஷின் பஃபு பட்டால் முதலில் போவதும் அதுதான்.

எனக்குக் கொடுத்தது இடது பின்கதவு. "கதவு எல்.கே.ஜி. ரூஃபு காலேஜு" என்றார் பாய். ரூஃபும் பானெட்டும் நாற்பது வருஷம் வெயிலை நேராக வாங்கியவை. பெயின்ட் பிழைத்திருப்பது அங்கேதான் குறைச்சல். நான் கதவைத் தேய்த்து முடிக்க மூன்று மணி நேரம். தோள்பட்டை கழன்று புதுப்பேட்டையிலேயே விலைக்குப் போட்டுவிடலாம் போல வலி. ஆனால் ரோஸ் மில்க்குக்குள்ளிருந்து செர்ரி மெதுவாக எழுந்து வந்ததே... அதைப் பார்த்த சந்தோஷத்தை எந்தச் சம்பள நாளிலும் நான் அனுபவித்ததில்லை. அதில் என் முகம் தெரிந்தது. தலைமுடி எவ்வளவு கொட்டியிருக்கிறது என்பதும் தெரிந்தது.

பாய் வந்து கதவைக் கண்ணால் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நடுவிரலால் தடவினார். இரண்டு இடத்தில் நிறுத்தி, "இங்க இன்னும் ரெண்டு கை" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். சரியாக அந்த இரண்டு இடத்தில்தான் மங்கல். அவருக்குக் கண்புரை வளர்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னால், "இந்த வண்டி முடியட்டும்" என்கிறாராம். அவர் கையாள் சொன்னான். எப்போதும் ஒரு வண்டி இருக்கிறது.

அந்தக் கையாளுக்கு இருபத்திரண்டு வயசு. நல்ல கை. ஆனால் அவன் மனசு ஸ்ரீபெரும்புதூர் பக்கம். அங்கே கார் கம்பெனிகளில் ஸ்பிரே அடிப்பது ரோபோ. பக்கத்தில் நிற்கிறவனுக்கு பி.எஃப்., கேன்டீன், பஸ் எல்லாம் உண்டு. பாய் தடுக்கவில்லை. "போவட்டும் ஸார். நெஞ்சாவது நல்லா இருக்கும்" என்றார். இப்போது பட்டறைகளில் அடிக்கிற 'டூ-கே' பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்று ஒரு சமாசாரம் உண்டு. அதன் புகை போன்ற தூவல் நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரும். மூக்கில் கட்டுகிற கர்ச்சீப் அதைத் தடுக்காது. அதற்கென்று முகமூடி வேண்டும். பாயின் குருநாதர் கடைசி வருஷங்களில் பத்தடி நடக்க மூச்சு வாங்கினாராம். பாய் ஸ்பிரே வேலையை விட்டுத் தேய்ப்புக்கு மாறினது அப்போதுதான். நம் கார் கண்ணாடி மாதிரி மின்னுவதில் யாரோ ஒருவருடைய மூச்சும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

மூன்றாவது சனிக்கிழமை பானெட், ரூஃப். பாய் யாரையும் தொடவிடவில்லை. பத்துத் தேய்ப்பு, துடைப்பு, தடவிப் பார்ப்பு. மறுபடி பத்து. ஹெட்மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து, பரீட்சை ஹாலில் கொஸ்டின் பேப்பருக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ரூஃப் பாஸாகிவிட்டது. பானெட்டும். டிரைவர் பக்கத்து முன் மட்கார்டில், கண்ணாடிக்குக் கீழே உள்ளங்கையளவு இடத்தில் பாயின் கை நின்றது.

"இங்க மட்டும் தோலே இல்ல. இன்னும் நாலு தேய்ப்பு, பிரைமர் வந்துரும்."

வெயில்கூட அவ்வளவாகப் படாத இடம் அது. எப்படித் தேய்ந்தது? ஹெட்மாஸ்டர்தான் சொன்னார். தினமும் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்புமுன் காரைத் துடைப்பாராம். ஆரம்பிப்பது அந்த இடத்தில். காய்ந்த துணி. முப்பத்தைந்து வருஷம்.

யாரும் பேசவில்லை. பாய்தான், "பாசமாத் தொடச்சே தேச்சுட்டீங்க அய்யா" என்றார்.

மகள் சொன்னார்: "அந்த இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிச்சிடலாமா?" அடிக்கலாம். ஆனால் பழைய சிவப்புக்குப் பக்கத்தில் புதுச் சிவப்பு ஒட்டுப் போட்ட வேட்டி மாதிரி தெரியும் என்றார் பாய். ஹெட்மாஸ்டர் அந்த மங்கலான இடத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். சரியாகப் பொருந்தியது. "இது அப்படியே இருக்கட்டும்" என்றார். மகள் அப்புறம் பெயின்ட் பற்றிப் பேசவில்லை, "எப்ப எடுத்துக்கலாம்?" என்று மட்டும் கேட்டார்.

நாலாவது சனிக்கிழமை வாக்ஸ். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் படிகிற கார்நாபா மெழுகு அதில் முக்கியச் சரக்கு. பாலிஷ் எடுக்கிறது என்றேனே, வாக்ஸ்தான் கொடுக்கிற கட்சி. மெல்லிசாகப் பூசி, மங்கினதும் துடைத்துவிட வேண்டும். நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரங்களில் கரைந்துபோகும். ஆனால் கரைவது மெழுகு, பெயின்ட் அல்ல. எத்தனை தடவை வேண்டுமானாலும் போடலாம். இது வட்டியில் சாப்பிடுகிற மாதிரி.

மத்தியானம் மூன்று மணிக்குப் பியட் சந்தை விட்டு வெளியே போனது. ஸ்டீயரிங் கடைக்காரர், ஹெட்லைட் கடைக்காரர், டீ கிளாஸோடு நின்ற மெக்கானிக் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கார்களைப் பிரித்தே பிழைக்கிற தெரு அது. ஒரு கார் முழுசாகத் திரும்பிப் போவதில் அவர்களுக்கும் ஒரு சந்தோஷம் இருப்பதைப் பார்த்தேன்.

கிளம்பும்போது, "என் மாதிரி ஆபீஸ் போறவங்களுக்கு என்ன சொல்றீங்க பாய்?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார். காக்காய் எச்சத்தைக் காயவிடாதே. அமிலம், பெயின்ட்டைத் தின்றுவிடும். ஈரத் துணி போட்டு ஊறவைத்து எடு, சுரண்டாதே. போர் தண்ணீரில் கழுவினால் உடனே துடைத்துவிடு. காய்ந்தால் உப்பு வட்டம் வட்டமாகப் பிடிக்கும். பாத்திரம் விளக்குகிற சோப்பு வேண்டாம். வாக்ஸைக் கழுவிக்கொண்டு போய்விடும். தூசியைக் காய்ந்த துணியால் துடைக்கவே துடைக்காதே. கோடு விழுந்தால் உடனே பாலிஷுக்கு ஓடாதே. நகத்தால் தடவி, நகம் மாட்டினால் அது பாலிஷுக்கு அடங்காத ஆழம்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்: "உங்க பில்டிங்ல காலைல கார் தொடைக்கிற பையன் எத்தினி வண்டி தொடைக்கிறான்?"

"எட்டு இருக்கும்."

"எத்தினி பக்கெட்டு?"

ஒன்றுதான். முதல் காரின் மண் எட்டாவது காரில் உப்புத்தாளாக வேலை செய்கிறது; அதற்கு மாசா மாசம் சம்பளமும் கொடுக்கிறோம். தப்பு அந்தப் பையனுடையது அல்ல. யாரும் அவனுக்கு வாங்கிக் கொடுக்கவில்லை. ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் துணியை அலச நல்ல தண்ணீர். அவ்வளவுதான் விஷயம்.

செராமிக் கோட்டிங்குக்குச் சேர்த்து வைத்திருக்கிற பணம் இருக்கட்டும். முதலில் அந்தப் பையனுக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கிக் கொடுங்கள். கலர் உங்கள் இஷ்டம்.